மழையின் கணக்கும் பஞ்சத்தின் கணக்கும்

விழிஞ்ஞத்தின் குடைவரைக் கோயில் மிகச் சிறியது. ஒரே ஒரு சிற்றறை, உள்ளே வீணை ஏந்திய தட்சிணாமூர்த்தி. வெளிப்பாறையில் திரிபுராந்தகராகவும் பார்வதியோடு ஆடுபவராகவும் சிவன் பாதி செதுக்கப்பட்டு நிற்கிறார். கி.பி. 8ஆம் நூற்றாண்டு வேலை என்பது பொதுவான கணிப்பு. அப்போது விழிஞ்ஞம் ஆய் வேளிரின் துறைமுகம், கோட்டை, தலைநகரம். பாண்டியன் நெடுஞ்சடையன் பராந்தகன் இந்தக் கோட்டையை அழித்ததாகச் சீவரமங்கலச் செப்பேடு பெருமை பேசுகிறது. சிற்பி உளியைக் கீழே வைத்ததற்குப் போரைக் காரணமாகச் சொல்லலாம், பணமுடை என்றும் சொல்லலாம். கடந்த இருபது, இருபத்தைந்து ஆண்டுகளில் மூன்றாவதாக ஒரு விடையும் பழகிவிட்டது: மழை பொய்த்திருக்கும்.

இந்த மூன்றாவது விடையை உலகெங்கும் பிரபலமாக்கியவை குகைகள்தான். சுண்ணாம்புக்கல் குகைகளின் தரையில் வளரும் கல்முளைகளை அறுத்துப் படித்தால் பல்லாயிரம் ஆண்டுகளின் மழை வரலாறு கிடைக்கிறது. அந்த வரலாற்றின் பக்கத்தில் அரசுகளின் வரலாற்றை வைத்து, சிந்துவெளி, மாயா, தாங், மிங், அசீரியா என்று ஒவ்வொன்றின் வீழ்ச்சிக்கும் ஒரு வறட்சியைக் கண்டுபிடித்துவிட்டார்கள். விழிஞ்ஞத்துக்கு மட்டும் இந்த வழியில் நேரடியான விடை கிடையாது. இங்குள்ள பாறை கடினமான பழம்பாறை. நீரில் கரையாது, கசிந்து படியாது. கேரளம் முழுவதுமே ஏறக்குறைய இப்படித்தான். பாலக்காட்டு வாளையாறில் இருக்கும் சுண்ணாம்புக்கல் சிமெண்டுக்குப் போகிறது. மலைக்கு இந்தப் பக்கம் திருநெல்வேலித் தாழையூத்திலும் அதே கதை. ஆகவே தென்கோடியின் பழைய மழையைப் பற்றி யாராவது உறுதியாகப் பேசினால், அவர் பெரும்பாலும் ஆயிரம், இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் உள்ள ஒரு குகையை வைத்துத்தான் பேசுகிறார். இதை மறந்துவிடாமல் மேலே போவோம்.

கல்முளை எப்படிச் சாட்சி சொல்கிறது? மண்ணுக்குள் இறங்கும் மழைநீர், வேர்களும் நுண்ணுயிர்களும் விடும் கரியமில வாயுவை வாங்கிக்கொண்டு லேசான அமிலமாகிறது. சுண்ணாம்புக்கல்லைக் கரைத்தபடி கீழிறங்கி, குகைக் கூரையில் சொட்டாகத் திரள்கிறது. குகைக் காற்றில் வாயு பிரிந்ததும், கரைந்திருந்த சுண்ணாம்பு மீண்டும் படிகிறது. சொட்டு விழும் இடத்தில் தரையிலிருந்து மேல்நோக்கி எழுவது கல்முளை. ஆண்டுக்கு ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு வளர்ந்தால் ஓர் அடி உயரத்துக்கு மூவாயிரம் ஆண்டு ஆகும்.

படியும் ஒவ்வோர் அடுக்கிலும் அந்தக் காலத்து மழைநீரின் ஆக்சிஜன் சிறைப்படுகிறது. ஆக்சிஜனில் எடை குறைந்த 16, எடை கூடிய 18 என இரு வகைகளைப் பார்க்கிறார்கள். பருவமழை வலுத்துப் பெய்யும் காலத்து நீரில் 18 வகையின் பங்கு குறைந்திருக்கும், மழை நலிந்தால் கூடும். இது பொதுவிதி. ஆனால் அந்த விகிதம் மேகம் எந்தக் கடலில் திரண்டது, எவ்வளவு தூரம் பயணப்பட்டது, வழியில் எங்கெல்லாம் பெய்து தீர்த்தது என்பவற்றையும் பொறுத்தது. அதனால் அதைக் குகை வாசலில் வைத்த மழைமானியின் அளவாக எடுத்துக்கொள்ள முடியாது.

கல்முளைகளின் உண்மையான பலம் காலக்கணிப்பில் இருக்கிறது. யுரேனியம் நீரில் கரையும், தோரியம் கரையாது. புதிதாகப் படிந்த அடுக்கில் யுரேனியம் மட்டும் இருக்கும். பின்னால் அங்கே காணப்படும் தோரியம் அந்த யுரேனியத்திலிருந்தே பிறந்தது. இரண்டின் விகிதத்தை அளந்தால் வயது தெரியும். சுமார் ஆறு லட்சம் ஆண்டு வரை இப்படிப் பின்னால் போகலாம், நல்ல மாதிரி கிடைத்தால் சில ஆண்டுகள் பிசகோடு. சேறும் களிமண்ணும் கலந்த மாதிரியில் வெளியிலிருந்து வந்த தோரியமும் சேர்ந்து கணக்கைக் கெடுத்துவிடும். ஏரிப் படிவத்திலோ கடல் சேற்றிலோ நூறு, இருநூறு ஆண்டு முன்பின் ஆகலாம் என்றிருந்த இடத்தில் இவ்வளவு துல்லியம் வந்ததுமே வரலாற்றுக்காரர்களின் காது நிமிர்ந்தது. ஓர் அரசனின் ஆட்சியாண்டோடு ஒப்பிடும் அளவுக்கு இயற்கையின் நாட்குறிப்பு நெருங்கி வந்துவிட்டதல்லவா?

இந்தியாவில் இந்தத் துறைக்கு அடித்தளம் போட்டவர்களில் அகமதாபாத் இயற்பியல் ஆய்வகத்தின் எம்.ஜி. யாதவாவும் மறைந்த ஆர். ரமேஷும் முக்கியமானவர்கள். பஸ்தரின் தண்டக் குகை, ஒடிசாவின் குப்தேஸ்வர் குகை, வடகன்னட மாவட்டத்தின் அகளகாவி குகை ஆகியவற்றின் கல்முளைகளை அவர்கள் படித்தார்கள். 2004இல் வெளியான அகளகாவி ஆய்வு 331 ஆண்டுகளின் மழையைச் சொன்னது. மேற்குத் தொடர்ச்சி மலையின் பருவமழைக்கு நேரடியாகப் பேசும் குகைச் சாட்சி என்ற வகையில் விழிஞ்ஞத்துக்குக் கிட்டத்தில் வருவது அதுதான். ஆனால் அதன் நீளம் மார்த்தாண்ட வர்மாவைத் தாண்டிச் சற்று முன்னே போகும், அவ்வளவே. ஆய் வேளிரை எட்டாது.

உலகப் புகழ் பெற்ற குகை இருப்பது வடகிழக்கில். சோரா என்று உள்ளூரில் அழைக்கப்படும் செரபுஞ்சிக்கு அருகே மௌம்லு. ஆண்டுக்குப் 11,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை கொட்டும் ஊர். அந்தக் குகையின் ஒரு கல்முளையில், ஏறத்தாழ நான்காயிரம் ஆண்டுகளுக்கு முன் பருவமழை சட்டென்று மாறியதற்கான தடயத்தை மேக்ஸ் பெர்கெல்ஹாமரும் கூட்டாளிகளும் 2012இல் காட்டினார்கள். 2018 ஜூலையில் சர்வதேச நிலவியல் அமைப்பு ஒரு படி மேலே போய், நாம் வாழும் காலத்துக்கே மேகாலயக் காலம் என்று பெயர் சூட்டியது. 2000ஆம் ஆண்டிலிருந்து 4,250 ஆண்டு பின்னே போனால் அதன் தொடக்கம். தொடக்கத்தின் எல்லைக்கல் மௌம்லுவின் அந்தக் கல்முளை. எகிப்து, மெசபடோமியா, சிந்துவெளி, யாங்சே என எங்கும் அந்த வறட்சி நாகரிகங்களைக் குலைத்தது என்று அறிவிப்போடு சேர்த்தே சொன்னார்கள்.

மறுப்பு உடனே வந்தது. தொல்லியலாளர் கை மிடில்டன் அதே ஆண்டு சயின்ஸ் இதழில், அப்படி ஒரே நேரத்தில் எல்லாம் சரிந்ததற்கு ஆதாரம் இல்லை என்று எழுதினார். எகிப்தில் அரசு பிளவுபட்டது, மக்கள் அழியவில்லை. மெசபடோமியாவில் ஓர் ஆதிக்கம் போய் இன்னொன்று வந்தது. மௌம்லுவிலேயே வேறொரு கல்முளையை ஆண்டுவாரியாகப் படித்த காயத்ரி கதாயத் குழுவினரும், மாற்றம் முதலில் சொன்னதுபோல ஒரே அடியாக நிகழ்ந்ததா என்று கேள்வி எழுப்பினார்கள். நிலவியலார் ஒரு காலக்கோட்டை எங்காவது வரைந்தாக வேண்டும், வரையட்டும். அந்தக் கோட்டைத் தாண்டிய மனிதர்களெல்லாம் தடுக்கி விழுந்தார்கள் என்று சொன்னதுதான் அதிகப்படி.

சிந்துவெளியின் கதையை இன்னும் நிதானமாகச் சொல்லும் குகைகள் உத்தராகண்டில் இருக்கின்றன. சாஹியா குகை 5,700 ஆண்டுகளின் பதிவைத் தந்தது. அதில் மழை படிப்படியாகக் குறைவதுதான் தெரிகிறது. பித்தோராகட் மாவட்டத்தின் தரம்ஜாலி குகையை அலீனா கீஷே, கேமரன் பெட்ரி முதலியோர் ஆராய்ந்து 2023இல் வெளியிட்ட கட்டுரை மேலும் நுட்பமானது. 4,200 ஆண்டுகளுக்கு முன் தொடங்கிச் சுமார் 230 ஆண்டுக்குள் மூன்று நீண்ட வறட்சிகள், ஒவ்வொன்றும் 25 முதல் 90 ஆண்டு வரை. கோடை மழையும் குளிர்கால மழையும் சேர்ந்தே குறைந்திருக்கின்றன. ராபி எனும் குளிர்காலப் பயிர், காரிப் எனும் மழைக்காலப் பயிர் இரண்டுக்கும் அடி என்றால் பெரிய நகரத்துக்குத் தானியம் திரட்டுவது கடினம். அந்த மக்கள் என்ன செய்தார்கள்? பெருநகரங்களைக் கைவிட்டுச் சிற்றூர்களுக்குப் போனார்கள். கிழக்கே, கங்கைச் சமவெளியின் ஓரங்களுக்கு நகர்ந்தார்கள். கோதுமை, வாற்கோதுமையோடு குறைந்த நீரில் விளையும் சிறுதானியங்களின் பங்கைக் கூட்டினார்கள். அரசவைகளின் கண்ணால் பார்த்தால் இது வீழ்ச்சி. குடும்பத்தைக் காப்பாற்றிய ஒரு விவசாயியின் கண்ணால் பார்த்தால் புத்திசாலித்தனம். மொகஞ்சதாரோ காலியானதை மட்டும் சொல்லிக் கதையை முடிப்பவர்களிடம் எனக்குள்ள மனக்குறை இதுதான்.

வரலாற்றுக் காலத்துக்கு வரும்போது பஸ்தரின் தண்டக் குகை மீண்டும் முக்கியமாகிறது. ஆஷிஷ் சின்ஹா குழுவினர் 2007இல் வெளியிட்ட பதிவு கி.பி. 600 முதல் 1500 வரை ஓடுகிறது. விழிஞ்ஞம் குடைவரையின் காலமும் சோழப் பேரரசும் விஜயநகரத் தொடக்கமும் இதற்குள் அடங்கும். ஒன்பதாம் நூற்றாண்டுக்குப் பிறகு சில நூற்றாண்டுகள் பொதுவாக மழை வளம். 14ஆம் நூற்றாண்டிலும் 15ஆம் நூற்றாண்டின் முற்பாதியிலும் கடுமையான, தொடர் வறட்சிகள். 1396இல் தொடங்கிப் பன்னிரண்டு ஆண்டு தக்காணத்தை வாட்டியதாகச் சொல்லப்படும் துர்காதேவிப் பஞ்சம் அந்த வறண்ட கட்டத்துக்குள் கச்சிதமாக விழுகிறது. கம்போடியாவின் அங்கோர் நகரம் நலிந்ததும் இதே நூற்றாண்டுகளில்தான். வியட்நாம் மலைகளின் மர வளையங்களை வைத்துப் பிரெண்டன் பக்லி 2010இல் அங்கும் வறட்சி நிலவியதைக் காட்டினார்.

இங்கே எளிதாக ஒரு தீர்ப்பு எழுதிவிடலாம்: மழை வளத்தில் சோழர் எழுந்தார்கள், வறட்சியில் எல்லாம் சரிந்தது. ஆனால் அதே 14ஆம் நூற்றாண்டில், அதே தக்காணத்தின் மிக வறண்ட பகுதியில், விஜயநகரம் எழுந்ததே! 1369இல் கடப்பைப் பகுதியின் பொருமாமிள்ளவில் புக்கராயரின் மகன் பாஸ்கரன் பெரிய ஏரி ஒன்றைக் கட்டினான். ஆயிரம் பேர் இரண்டு ஆண்டு வேலை செய்ததையும், ஏரிக்கு இடம் பார்ப்பது எப்படி, கரை போடுவது எப்படி என்பதையும் அங்குள்ள கல்வெட்டு விளக்குகிறது. மழை குறைந்த நூற்றாண்டில் ஓர் அரசு தன்னை நீரைச் சுற்றிக் கட்டிக்கொண்டது. இலங்கையின் பொலன்னறுவையையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். அதை வறட்சிக் கணக்கில் எழுத ஆசைப்படுபவர்கள், கலிங்கத்து மாகனின் படையெடுப்பு 1215இலேயே நடந்துவிட்டதை மறந்துவிடக் கூடாது. குளங்களைக் காத்த நிர்வாகம் முதலில் போனது. நீண்ட வறட்சி பிறகுதான் வந்தது.

சோழநாட்டுக்கு வருவோம். மழை வளம் என்று குகை சொல்லும் நூற்றாண்டுகளில் பஞ்சமே இல்லையா? 1054இல் ஆலங்குடிச் சபையார் பஞ்சத்தைச் சமாளிக்கக் கோயில் பண்டாரத்திலிருந்து பொன்னும் வெள்ளியும் கடன் வாங்கியதைக் கல்வெட்டு சொல்கிறது. 1201இல் திருப்பாம்புரத்தில் ஒரு வேளாளர் காலம் கெட்டு நெல் விலை ஏறியதால் தம்மையும் தம் இரு மகள்களையும் 110 காசுக்குக் கோயிலுக்கு அடிமையாக விற்றுக்கொண்டார். முதல் பஞ்சத்தில் ஊர்ச்சபை இருந்தது, கோயில் கடன் கொடுத்தது. இரண்டாவதில் ஒரு குடும்பம் தன்னையே விலையாக வைத்தது. இரண்டுக்கும் நடுவே ஒன்றரை நூற்றாண்டில் காவிரிப் படுகையில் நிலவுடைமையும் அதிகாரமும் கைமாறியிருந்தன. பஸ்தர் குகை இந்த வேறுபாட்டைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லாது. மழைக்கு அது நல்ல சாட்சி. பஞ்சத்துக்குச் சாட்சி ஆலங்குடிக் கல்லும் திருப்பாம்புரக் கல்லும்தான்.

தமிழ்நாட்டைப் பொறுத்தவரை வேறொரு சிக்கலும் உண்டு. அதைப் பேசாமல் எழுதப்படும் குகைக் கட்டுரைகளை நான் நம்புவதில்லை. மௌம்லு, தண்டக், சாஹியா எல்லாம் தென்மேற்குப் பருவமழையின் பதிவுகள். தமிழ்நாட்டின் ஆண்டு மழையில் ஏறக்குறையப் பாதி அக்டோபருக்கும் டிசம்பருக்கும் இடையில் வடகிழக்குப் பருவக்காற்றில் வருகிறது. இரண்டு பருவமும் சேர்ந்தே பொய்க்கும் என்று கட்டாயமில்லை. ஒன்று ஏமாற்றும் ஆண்டில் மற்றது கைகொடுப்பது நாம் கண்ணால் பார்ப்பது. காவிரியில் வரும் தண்ணீர் குடகின் தென்மேற்கு மழை, ராமநாதபுரத்துக் கண்மாயில் நிற்பது ஐப்பசி, கார்த்திகை மழை. ஒரே அரசின் இரு மூலைகள் இரு வேறு வானங்களை நம்பி வாழ்ந்தன. பாண்டிய நாட்டில் பன்னிரண்டு ஆண்டு வற்கடம் வந்த கதை இறையனார் அகப்பொருள் உரையில் இருக்கிறது, மணிமேகலையிலும் இருக்கிறது. அந்த வற்கடத்தை ஒரு சாஹியா கல்முளையின் கோட்டில் தேடிப் பிடித்து, சங்கம் கலைந்ததற்கும் களப்பிரர் வந்ததற்கும் காரணம் காட்டுவது விறுவிறுப்பான வேலைதான். ஆனால் பாண்டிய நாட்டின் பெரும்பகுதிக்கு நெல் தந்த மழை அந்தக் கல்லில் எழுதப்படவேயில்லை. பன்னிரண்டு என்ற எண்ணும் பஞ்சக் கதைகளுக்குப் பிடித்தமான எண்.

விழிஞ்ஞம் இந்த இரண்டு வானங்களின் எல்லையில் இருக்கிறது. திருவனந்தபுரத்துக்கு ஜூனிலும் மழை, அக்டோபரிலும் மழை. வடக்கே போகப்போகத் தென்மேற்கு ஓங்குகிறது. கிழக்கே ஆரல்வாய்மொழியைத் தாண்டினால் வடகிழக்கின் ஆட்சி. ஆய் வேளிரின் செல்வத்துக்கு ஒரு கால் கடலில், மறு கால் நாஞ்சில் நாட்டு வயலில். இரண்டு பருவமும் பார்க்கும் வயல் என்பதால்தான் பாண்டியர், சேரர், சோழர் மூவரும் நாஞ்சிலுக்காகவும் விழிஞ்ஞத்துக்காகவும் மாறிமாறி மோதினார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. சோழர் கைக்கு வந்தபோது ஊரின் பெயரே ராஜேந்திர சோழப் பட்டினம் ஆயிற்று. கேரளப் பல்கலைக்கழகத்தின் அஜித் குமார் குழு இங்கே தோண்டியபோது மேற்காசிய ஜாடிகளின் துண்டுகளும் சீனப் பீங்கான் சில்லுகளும் கிடைத்தன. உள்ளூரில் ஒரு போகம் பொய்த்தாலும் கப்பல் வரும் ஊரின் நிலை வேறு. அதே கப்பல் வராமல் போனால், உள்ளூரில் மழை பெய்தும் பயனில்லை.

கடலைச் சொன்னதும் சொகோத்ராவைச் சொல்லாமல் இருக்க முடியாது. ஏமனுக்குச் சொந்தமான அந்தத் தீவின் ஹோக் குகைக்குள் 2001 முதல் பெல்ஜியக் குகை ஆய்வாளர்கள் நுழைந்தபோது, உள்ளே வெகுதூரத்தில் சுவர்களிலும் கல்முளைகளிலும் இந்திய மாலுமிகள் கிறுக்கிய பெயர்கள் கிடைத்தன. பெரும்பாலும் பிராமி எழுத்து. கி.பி. முதல் சில நூற்றாண்டுகளைச் சேர்ந்தவை. எழுதியவர்களில் பலர் புரோச் முதலிய குஜராத் துறைமுகங்களிலிருந்து வந்தவர்கள். பால்மைராவிலிருந்து வந்த ஒருவர் 258ஆம் ஆண்டில் எழுதி வைத்த மரப்பலகையும் அங்கே கிடந்தது. அதே குகையின் கல்முளைகளை வேறொரு குழு மழைக்காகப் படித்திருக்கிறது. தீவின் கிழக்குப் பக்கம் என்பதால் அங்கே வடகிழக்குப் பருவக்காற்றின் மழைக்கு முக்கியப் பங்கு உண்டு. மனிதனின் கையெழுத்தும் மழையின் கையெழுத்தும் ஒரே கல்லில் இருக்கும் இடம் உலகில் அதிகம் இல்லை. சொகோத்ராவின் வடகிழக்கு மழையும் நாகப்பட்டினத்தின் வடகிழக்கு மழையும் ஒன்றல்ல. என்றாலும் பஸ்தரைவிட நமக்குப் பொருத்தமான சாட்சி அரபிக்கடல் தீவில் கிடைப்பது விசித்திரம்தான்.

அரபிக்கடலின் அக்கரையில் இன்னொரு கதை. ஓமானின் ஹோட்டி குகைப் பதிவை வைத்து டொமினிக் ஃப்ளைட்மனும் பிறரும் 2022இல், ஆறாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தென் அரேபியாவில் பல பத்தாண்டுக் கொடும் வறட்சி இருந்ததைக் காட்டினார்கள். அப்போது அங்கே இருந்த ஹிம்யர் அரசு பாசனத்தை நம்பியது. உள்நாட்டுப் பூசல், கடல் கடந்து வந்த அக்சும் படை, இவற்றோடு வறட்சியும் சேர்ந்து அரசு நலிந்தது. அந்த வெற்றிடத்தில்தான் இஸ்லாத்தின் எழுச்சிக்கான சூழல் அமைந்தது என்பது அவர்கள் வாதம். வறட்சி இஸ்லாத்தை உண்டாக்கியது என்று அவர்கள் எழுதவில்லை. செய்தித்தாள் தலைப்புகளில் அந்த நிதானம் தங்கவில்லை.

குகையையும் அரசையும் ஒப்பிட மிகத் தகுதியான இடம் மாயா நாடு. காரணம் எளிது. அந்த அரசர்கள் தங்கள் கல்தூண்களில் நாள் கணக்காகத் தேதி வெட்டினார்கள். பெலீஸ் நாட்டின் யோக் பாலும் குகையை 2012இலும், யுகடானின் ஒரு குகையை 2025இலும் படித்தவர்கள் அந்தத் தேதிகளோடு சேர்த்துப் பார்த்தார்கள். யுகடான் கல்முளை மழைக்காலத்தைத் தனியே பிரித்துக் காட்டுகிறது. 871க்கும் 1021க்கும் இடையில் குறைந்தது மூன்றாண்டு நீண்ட வறட்சிகள் எட்டு, அவற்றில் ஒன்று பதின்மூன்று ஆண்டு. அந்தச் சமயங்களில் சில நகரங்களில் கல்வெட்டுவது நின்றது. எல்லா நகரங்களிலும் ஒரே சமயத்தில் நிற்கவில்லை. சீனாவின் வான்சியாங் குகை 2008இல் தாங், யுவான், மிங் வமிசங்களின் முடிவை வறட்சியோடு இணைத்துப் பெரும் பேச்சானது. அதற்கு எழுந்த எதிர்ப்பும் அதே அளவு. வமிசங்கள் பல, வறட்சிகள் பல. தேடினால் ஜோடி சேராமல் போகாது.

பழைய காலத்தில் சாட்சி குறைவு என்பதால் இத்தனை வாதம். எல்லாம் தெரிந்த ஒரு வறட்சியை எடுத்துக்கொண்டால்? தாது வருஷப் பஞ்சம், 1876 முதல் 1878 வரை. பசிபிக் கடலில் மிகப் பலமான எல் நினோ, சென்னை மாகாணத்தில் பருவம் தவறியது. எத்தனை அங்குலம் பெய்தது என்பதற்கு மழைமானிக் கணக்கு உண்டு. ஆனால் லட்சக்கணக்கில் மக்கள் செத்ததற்கு அந்தக் கணக்கு மட்டும் விளக்கமாகாது. பஞ்சத்தைக் கண்காணிக்க அரசு அனுப்பிய ரிச்சர்ட் டெம்பிள் நிவாரண வேலைக்குக் கூலியை நாளொன்றுக்கு ஒரு ராத்தல் தானியமும் ஓரணாவும் என்று குறைத்தார். அது உடலுழைப்புக்குப் போதாது என்று மாகாணச் சுகாதார ஆணையர் கார்னிஷ் சண்டை போட்டார். அதே நேரத்தில் இந்தியாவிலிருந்து இங்கிலாந்துக்குக் கோதுமை கப்பலேறிக்கொண்டிருந்தது. ஊரில் தானியம் இருந்தும் வாங்க வழியில்லாமல் சாவதைப் பற்றி அமர்த்திய சென் 1981இல் எழுதியது பின்னாளின் வங்கப் பஞ்சத்தை வைத்து. தாது வருஷத்துக்கும் அது பொருந்தும். ஐயாயிரம் ஆண்டு கழித்து ஓர் ஆராய்ச்சியாளர் 1877ஐக் கல்முளையில் மட்டும் படித்தால் என்ன எழுதுவார்? பருவமழை தவறியது, மக்கள் தொகை சரிந்தது. டெம்பிளின் பெயர் அந்த ஆய்வில் வராது. சிந்துவெளியைப் பற்றி நாம் இன்று எழுதுவது இந்த மாதிரிதான் இருக்கிறதோ என்ற பயம் நமக்கு இருக்க வேண்டும்.

குகைப் பதிவு வீண் என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். மௌம்லுவின் இன்னொரு கல்முளையை வைத்துக் கதாயத் குழு 2022இல் வெளியிட்ட ஆயிரம் ஆண்டுப் பதிவு எனக்குத் தூக்கத்தைக் கெடுக்கும் ரகம். கடந்த நூற்றைம்பது ஆண்டு மழைமானிக் கணக்கில் நாம் பார்த்தே இராத நீண்ட வறட்சிகள் அதில் இருக்கின்றன. 1630களின் தக்காணப் பஞ்சம் அப்படி ஒரு கட்டத்தில் வந்தது. நம் அணைகள், நதிநீர்ப் பங்கீடுகள், பயிர்க் காப்பீடுகள் எல்லாமே அந்த நூற்றைம்பது ஆண்டு அனுபவத்தில் போட்ட கணக்கு. மூன்றாண்டு தொடர்ந்து பொய்த்தாலே மாநிலங்கள் நீதிமன்றத்தில் நிற்கின்றன. பத்தாண்டு பொய்த்தால் என்ற கேள்வியைக் கேட்கும் உரிமையைக் குகைகள்தான் நமக்குத் தந்திருக்கின்றன.

கேரளத்துக்கும் தமிழகத்துக்கும் சுண்ணாம்புக் குகை இல்லாத குறையை வேறு பதிவுகள் ஓரளவு தீர்க்கின்றன. புனேயின் வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த போர்காவ்ங்கர் முதலியோர் கேரளத் தேக்கு மரங்களின் வளையங்களிலிருந்து 523 ஆண்டுப் பதிவை 2010இல் எடுத்தார்கள். எல் நினோ ஆண்டுகளின் வறட்சி அதில் குறுகிய வளையங்களாகத் தெரிகிறது. நீலகிரியின் கரிச்சதுப்பு மண்ணை ரா. சுகுமார் குழு 1993இலேயே படித்து, இருபதாயிரம் ஆண்டுகளில் புல்லும் காடும் மாறிமாறி ஓங்கியதைக் காட்டியது. இலங்கையின் பாகியன்கல, பட்டதொம்பலென போன்ற பாறைக் குகைகளிலும் கல்முளை கிடையாது. அங்கே மழைக்காட்டை அறிய மனிதர்களின் பற்களையே படித்தார்கள். பனியுகம் முடிந்து வானிலை தலைகீழாக மாறிய காலத்திலும் அந்த மக்கள் குரங்கையும் அணிலையும் வேட்டையாடிக்கொண்டு மழைக்காட்டைவிட்டு அகலாமல் வாழ்ந்திருக்கிறார்கள். மாறும் வானிலையில் நிலைத்து நின்றவர்களின் வரலாறும் வரலாறுதான். அது தலைப்புச் செய்தி ஆவதில்லை, அவ்வளவுதான்.

கேரளக் கடற்கரையைப் பொறுத்தவரை குகைச் சாட்சிக்கு இன்னொரு குறையும் உண்டு. இங்கே வரலாற்றைத் திருப்பியதாகச் சொல்லப்படுபவை வறட்சிகளைவிட வெள்ளங்களும் புயல்களும்தான். 1341இல் பெரியாற்றில் வந்த வெள்ளம் முசிறித் துறையைத் தூர்த்துக் கொச்சி முகத்துவாரத்தைத் திறந்தது என்பது வழிவழியான கூற்று. கொல்லம் ஆண்டு 1099இல், அதாவது 1924இல் வந்த பெருவெள்ளத்தை மலையாளிகள் இன்றும் தொண்ணூற்றொன்பது என்றே சொல்வார்கள். 2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் விழிஞ்ஞம், பூந்துறை, குமரிக் கடலோர மீனவர்களை வாரிக்கொண்டு போனது ஒரே இரவில். ஆண்டுக்கு மயிர்க்கனம் வளரும் கல்லில் ஓர் இரவு பெரும்பாலும் பதியாது. 2025 மே 2 அன்று நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்ட விழிஞ்ஞம் துறைமுகத்தின் அலைத்தடுப்புச் சுவர் பயப்பட வேண்டியதும் அத்தகைய இரவுகளுக்குத்தான். இங்கே கடலடிச் சேறும் காயல் படிவமும் குகையைவிடப் பயன்படும். திருவனந்தபுரம் ஆக்குளத்தில் தேசியப் புவி அறிவியல் ஆய்வு மையம் இருப்பது நல்லதாயிற்று.

நாம் செய்யக்கூடிய வேலை ஒன்று பாக்கி கிடக்கிறது. மாயர்களைப் போலவே நம் அரசர்களும் ஆட்சியாண்டு போட்டு ஆயிரக்கணக்கில் கல்வெட்டினார்கள். பஞ்சம், ஏரி உடைப்பு, கரை மராமத்து, வரித் தள்ளுபடி, நிலம் தரிசானது, தன்னை விற்றுக்கொண்டது என எல்லாமே அங்கங்கே சிதறிக் கிடக்கின்றன. திருவனந்தபுரத்தில் பத்மநாபசுவாமி கோயிலின் மதிலகம் ஓலைகள் இருக்கின்றன. 1837இல் தொடங்கிய திருவனந்தபுரம் வானாய்வுக்கூடத்தின் பதிவுகள் இருக்கின்றன. பாதிரியார்களின் கடிதங்களும் டச்சுக்காரர்களின் குறிப்பேடுகளும் இருக்கின்றன. குகைக்காரர்கள் தங்கள் பக்கத்து வேலையைப் பெரும்பாலும் செய்துவிட்டார்கள். கல்வெட்டு படிக்கத் தெரிந்தவர்கள், எந்த ஊர், எந்த ஆண்டு, எந்தப் பருவம் என்று பிரித்து ஒரே அட்டவணையில் இவற்றைச் சேர்க்க வேண்டும். குகைக் கோட்டைப் பார்க்காமலே அந்த அட்டவணையைப் போட்டு முடிக்க வேண்டும். பார்த்துவிட்டுப் போட்டால் கண் தேடியதையே கை எழுதும். பல்கலைக்கழக வரலாற்றுத் துறைகளில் முனைவர் பட்டத்துக்குத் தலைப்பு தேடி அலையும் மாணவர்கள் இதை எடுத்துக்கொள்ளலாம். ஒருவர் ஒரு வட்டம் எடுத்தால் போதும். ஆலங்குடியிலிருந்தோ நாஞ்சில் நாட்டிலிருந்தோ தொடங்குங்கள்.